கொறங்காட்டுல ஒரு பந்தயக் குதிரை

“பந்தயத்துல ஓடற குதிரையைப் போயி ராத்திரி பகலாக் கொறங்காட்டுல விட்டிருக்கறீங்களே, நாய் கடிச்சா என்ன பண்ணுவீங்க, பாம்பு கடிச்சா என்ன பண்ணுவீங்க?” ரெண்டு வருசமா எங்க காட்டு வழியாப் போறவங்க, வர்றவங்க, சொந்தபந்தம் எல்லாரும் கேக்கறது இதுதானுங்க. கேக்கறவங்கள்ல பாதிப்பேரு குதிரை வெச்சிருக்கறவங்க. அவங்க குதிரையெல்லாம் சீட்டுப் போட்ட லாயத்துல, மேல பேன் சுத்த, கீழ தேங்கா மஞ்சி மேல நிக்குது. எங்குளது வெள்வேல மரத்தடியில நிக்குது. ஒவ்வொருத்தருக்கா நின்னு பதில் சொல்லி மாளல. அதனால இங்க எழுதி வெச்சர்லாம்னு உக்காந்தேன்.

குதிரை என்னோடது இல்லைங்க. எங்கண்ணன் பையனோடது. மூணு ஆடிக்கு முன்னால அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த் திருவிழாச் சந்தையில வாங்கினான். கத்தியவார், மார்வார்னு ஆள் உசரத்துக்குக் குதிரைக வரிசையா நிக்கற அந்தச் சந்தையில, அவன் கண்ணு இந்த மட்டக் குதிரை மேல போச்சு. செவலைப் பொட்டை, நெத்தியில வெள்ளைச் சுட்டி. சுழி பாக்கறவர் ஒருத்தரைக் கையோட கூட்டிட்டுப் போயிருந்தோம். அவர் அரைமணி நேரம் குதிரையைச் சுத்திச் சுத்தி வந்து சுழி சுத்தம்னு சொன்னாரு. நான் சுழியைப் பாக்கல. குளம்பையும், முழங்காலுக்குக் கீழ இருக்கற நரம்பையும் தடவிப் பாத்தேன், பல்லைப் பாத்தேன். 85,000 ரூவாய்க்குப் பேசி முடிச்சோம். சிட்டுன்னு பேரு.

எங்க பக்கத்துக் குதிரை வண்டிப் பந்தயத்துல உசரத்தை வெச்சுத்தான் பிரிவு. 43 அங்குலம், 45 அங்குலம், அதுக்கு மேல பெரிய குதிரை. முதுகு மேட்டுல கோலை வெச்சு அளப்பாங்க. அரை அங்குலம் கூட இருந்தா குளம்பைச் சீவிட்டு வந்து நிக்கற ஆளுகளும் உண்டு, அதையெல்லாம் எழுதுனா வம்பு. சிட்டு 45-க்கு உள்ள அடங்கற குதிரை. எடை 200 கிலோவுக்குச் சித்த கம்மி.

அண்ணன் வீடு ஊருக்குள்ள இருக்குது. லாயம் கட்ட இடமில்லை. “சித்தப்பா, ஒரு மாசம் உங்க காட்டுல இருக்கட்டுங்க, அதுக்குள்ள செட்டுப் போட்டர்றேன்”னான். அந்த ஒரு மாசந்தான் மூணு வருசமா ஓடிட்டிருக்குது.

நம்ம பதிவுகளை வழக்கமாப் படிக்கறவங்களுக்குக் கொறங்காடு புதுசு இல்லை. புதுசா வந்தவங்களுக்காக நாலு வரி. காங்கேயம், வெள்ளகோயில், மூலனூர், அந்தப்பக்கம் கரூர் வரைக்கும் மழை கம்மியான செம்மண், சுக்கான் பூமி. இங்க வெள்ளாமை பண்ணி முடியாத நெலத்தை எங்க பாட்டன் பூட்டன் மேய்ச்சலுக்குன்னே ஒதுக்கி வெச்சாங்க. சுத்தி முள்ளுக் கிளுவை வேலி, உள்ள அங்கங்க வெள்வேல மரம், தரையில கொழுக்கட்டைப் புல்லு. இந்த மூணும் இருந்தாத்தான் கொறங்காடு. காங்கேயம் மாடு அந்தத் திமிலோடயும் அந்தக் காலோடயும் இருக்குதுன்னா இதுல மேஞ்சுதான். எங்களுக்கு எட்டு ஏக்கரு. அண்ணனுக்கு நாலு, எனக்கு நாலு. நடுவுல ஒரு கடவு. என் பட்டியில 15 ஆடு, ரெண்டு மயிலை மாடு, ஒரு கெடாரி. இதுக்கு நடுவுலதான் சிட்டு வந்து சேந்தா.

முதல்ல ஏன் வெளிய விட்டதுன்னு சொல்லிடறேன். மாட்டோட வயிறு வேற, குதிரையோட வயிறு வேற. மாடு ஒரு பாட்டம் மேஞ்சிட்டு வந்து படுத்து அசை போடும். குதிரைக்கு அசை கிடையாது. வயிறும் உடம்புக்குச் சின்னது. அந்தச் சின்ன வயித்துல புளிப்புத் தண்ணி தின்னாலும் தின்னாட்டியும் ஊறிக்கிட்டே இருக்கும். அதனால கொஞ்சங் கொஞ்சமா நாள் முழுக்கக் கொறிச்சுக்கிட்டே இருக்கற பிராணி அது. வெளிய விட்ட குதிரையைப் பாருங்க, ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வரைக்கும் தலையைக் குனிஞ்சேதான் இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சுப் போயிப் பாத்தாலும் மேஞ்சிட்டு இருக்கும். அதைக் கொண்டுபோயி லாயத்துல கட்டி, காலையில ரெண்டு படி, பொழுதோட ரெண்டு படி கொள்ளும் தவிடும் போட்டா, நடுவுல வெறும் வயித்துலதான நிக்கும்? வயித்துல புண்ணு வரும். சும்மா நிக்கற சங்கடத்துக்குக் கட்டையைக் கடிக்கும், காத்தை முழுங்கும், எடத்துல நின்னுக்கிட்டே இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஆடும். பாக்கறவங்க “குதிரைக்கு வெறி, நல்லா ஓடும்”பாங்க. எனக்கு அது வெறியாத் தெரியல.

வயித்து வலிதான் குதிரைக்கு எமன். மாடு வயிறு உப்பினா ஏதோ ஒண்ணு பண்ணிக் காப்பாத்திடுவோம். குதிரைக்கு வாந்தி எடுக்கக்கூட வழியில்லை, படைப்பே அப்படி. எங்க ஊருக்குப் பக்கத்து ஊர்ல போன வருசம் ஒரு பெரிய குதிரை, நாலு பந்தயத்துல கப்பு வாங்குனது, பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கறப்ப சத்துக்காகன்னு தீனியைத் திடீர்னு ஏத்தினாங்க. விடிய விடியத் தரையில உருண்டுச்சு. டாக்டர் வந்து சேர்றதுக்குள்ள போச்சு. அந்தக் குதிரைக்காரர் பொண்டாட்டி நகையை வெச்சு வாங்குனவரு. சாவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருந்தாரு. அங்க போயிட்டு வந்த அன்னைக்குத்தான் எங்க பையன் செட்டுப் போடற பேச்சை நிறுத்தினான். அதுக்கு முன்னால வரைக்கும் வாரம் ஒருக்கா என்கிட்ட அதைப் பத்தித்தான் பேச்சு.

அவன் பேச்சுலயும் ஞாயம் இல்லாம இல்லை. “சித்தப்பா, புல்லுத் தின்னா வயிறு பெருத்துப் போயிரும், ஓடறப்ப மூச்சு வாங்கும்”னான். பந்தயக்காரங்க எல்லாரும் சொல்றதுதான் அது. நான் சொன்னது, வயிறு பெருக்கறதைப் பந்தயத்துக்கு முந்தின நாள் பாத்துக்கலாம், ஆனா காலு? ராத்திரி பூரா நாலடிக்கு நாலடி எடத்துல நின்ன குதிரையோட பின்னங்கால் விடியால பாத்தீங்கன்னா கணுக்காலுக்கு மேல வீங்கி இருக்கும். நடக்க விட்டா அரைமணியில வடிஞ்சுடும். சிட்டுக்கு ஒரு நாளும் அப்படி வீங்கினதில்லை. மேய்ச்சல்ல சும்மாவே ராத்திரி பகலாச் சுத்தற குதிரை. குளம்பும் சுக்கான் கல்லுல நடந்து நடந்து கெட்டியாயிருச்சு. தார் ரோட்டுல ஓடோணும்ங்கறதால மாசம் ஒருக்கா லாடம் மாத்தறோம். லாடம் அடிக்கறவர் திண்டுக்கல் பக்கத்துல இருந்து வர்றாரு. “ஆணி எறங்க மாட்டேங்குதுங்க, இரும்பு மாதிரி இருக்குது”ன்னு திட்டிக்கிட்டேதான் அடிப்பாரு. அந்தத் திட்டு எனக்குக் காதுக்கு இதமா இருக்கும்.

ஆனா ஒண்ணு. கொறங்காட்டுல விட்டுட்டாப் போதும், எல்லாத்தையும் அதே பாத்துக்கும்னு நெனைக்கறவங்களுக்காகத்தான் மீதியை எழுதறேன். கொறங்காடு மாட்டுக்காகவும் ஆட்டுக்காகவும் வந்த ஏற்பாடு. குதிரைக்காக வந்தது இல்லை.

இதை எனக்குச் சொல்லிக் குடுத்தது எங்க கால்நடை மருத்துவமனை டாக்டரம்மா. குதிரை வந்த பத்தாம் நாள் இழுப்பு நோய்க்குத் தடுப்பூசி போடறதுக்காக வந்தாங்க. மண்ணுல கெடக்கற கிருமி சின்னக் காயத்துல பூந்தாக்கூடப் போதும், குதிரைக்கு ஒடம்பெல்லாம் வெறைச்சுப் போயிரும். மத்த கால்நடையைவிடக் குதிரைக்கு அது சீக்கிரம் புடிக்கும். முள்ளுக் காட்டுல இருக்கற குதிரைக்கு அந்த ஊசி இல்லாம இருக்கவே கூடாது. ஊசியைப் போட்டுட்டு ஜீப்புல ஏறாம, சேலையை இழுத்துச் செருகிக்கிட்டுக் காட்டுக்குள்ள எறங்கி நடந்தாங்க. குனிஞ்சு குனிஞ்சு செடியைப் புடுங்கிப் பாத்தாங்க. சின்ன வயசு, எம்பொண்ணு வயசுதான் இருக்கும். இந்தப் பொண்ணு என்னத்தத் தேடுதுன்னு நானும் பின்னாலயே போனேன்.

“அண்ணா, இந்தக் கொழுக்கட்டைப் புல்லை மாடு தின்னா ஒண்ணும் பண்ணாதுங்க. குதிரை மாசக்கணக்குல இதையே தின்னா எலும்பு கரையும்”னாங்க.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்க பாட்டன் காலத்துல இருந்து கொண்டாடற புல்லு! எப்படீன்னு கேட்டேன். அவங்க சொன்னதை என் பாஷையில சொல்றேன். அந்தப் புல்லுல ஆக்சலேட்டுன்னு ஒரு உப்பு இருக்குது. அது சுண்ணாம்புச் சத்தைக் கெட்டியாப் புடிச்சுக்கும், ஒடம்புல சேர விடாது. மாட்டுக்கு ஊற வைக்கற பானை முன்னால இருக்குது, முதல் வயித்துலயே. தின்ன புல்லு அங்க ஊறறப்பவே அந்த உப்பை நுண்ணுயிரி தின்னு அழிச்சிடும். குதிரைக்குப் பானை பின்னால, பெருங்குடல் பக்கம். சத்து ஒடம்புல சேர்ற எடம் சிறுகுடல், அதைத் தாண்டி வந்த பின்னாலதான் பானைக்கே வருது. அப்ப அழிச்சு என்ன பிரயோசனம்? சுண்ணாம்புச் சத்துக் கெடைக்காத ஒடம்பு எலும்புல இருந்து உருவி எடுத்துக்கும். மொதல்ல ஒரு கால் நொண்டும், அப்புறம் இன்னொரு கால். கடைசியில மூஞ்சி எலும்பு ரெண்டு பக்கமும் வீங்கிப் போகும். ஆஸ்திரேலியாவுல இந்தப் புல்லு இப்ப ஊரு கொள்ளாமக் கெடக்குதாம். அந்தக் காலத்துல ஒட்டகச் சேணத்துக்குள்ள அடைச்சு வந்த புல்லுல இருந்து பரவுனதுன்னு சொல்றாங்க. அங்கதான் குதிரைக்கு இந்த நோவைக் கண்டிருக்கறாங்க.

அதுக்கு மேல நாம கோதுமைத் தவிடு, நெல்லுத் தவிடுன்னு அள்ளிப் போடறமே, அது இன்னும் மோசமாம். தவிட்டுல மணிச்சத்து நெறைய, சுண்ணாம்பு கம்மி. குதிரைக்கு மணிச்சத்தை விடச் சுண்ணாம்பு கூட இருக்கோணும், ஒண்ணுக்கு ஒண்ணரை இருந்தா நல்லதுன்னாங்க. ஆக, கொழுக்கட்டைப் புல்லும் தவிடும் சேந்தா ரெண்டு பக்கமும் அடி.

எங்க வீட்டுக்காரி பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தவ, “அப்ப வெத்தலைச் சுண்ணாம்பைத் தண்ணியில கலக்கி ஊத்தீர்லாங்களா?”ன்னா. டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. “அது காரங்கக்கா, வாய் வெந்து போயிரும். சுண்ணாம்புக்கல் மாவு வேற, அது வேற”ன்னு சொல்லி, கால்சியம் கூட இருக்கற தாது உப்புக் கலவை எழுதிக் குடுத்தாங்க. அப்புறம் சொன்னாங்க பாருங்க, “எல்லாத்தையும் விடச் சுலபமானது உங்க பாசையிலயே இருக்குதுங்க. குதிரைமசால்.”

அட, அதுதான! கோயமுத்தூர்ப் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் குதிரைமசால் போடுவாங்க. மாட்டுக்கும் முயலுக்கும்தான் அறுத்துப் போடறோம். பேரு எதுக்கு வந்துச்சுன்னு ஒருத்தரும் யோசிக்கறதில்லை. பயறு வகைச் செடி, சுண்ணாம்புச் சத்து அதுல கொட்டிக் கெடக்குது. எங்க கெணத்துத் தண்ணி அரை மணி நேரந்தான் ஓடும். அதுலயே வாய்க்கா ஓரமா 5 சென்ட் போட்டேன். மாசம் ஒருக்கா அறுப்பு வருது. பூக்கத் தொடங்கறப்ப அறுத்து, ஒரு நாள் வாட விட்டு, ஒரு கையில அடங்கற கட்டு ரெண்டு விடியால, ரெண்டு பொழுதோட. தவிட்டை அடியோட நிறுத்தியாச்சு. கொள்ளு வேக வெச்சது அரைக் கிலோ, ரெண்டு நேரமும். பந்தயம் நெருங்கினா முக்கால். அதையும் பத்து நாள்ல கொஞ்சங் கொஞ்சமாத்தான் ஏத்தறது. பையன் இதுக்கெல்லாம் ஒரு நோட்டுப் போட்டு வெச்சிருக்கறான். பத்தாவதுல கணக்கு நோட்டு எழுதாதவன்.

அன்னைக்கு டாக்டரம்மா புடுங்கிக் காட்டுன இன்னொரு செடி செப்பு நெருஞ்சி. தரையோட தரையாப் படந்து, சின்னதாச் செகப்புப் பூ பூக்கும், பாத்திருப்பீங்க. ஆடு நல்லாத் தின்னும். குதிரை அதை மட்டுமே ரெண்டு மூணு வாரம் தின்னுச்சுன்னா பின்னங்கால் தளந்து போகும், குளம்பு முனையைத் தரையில இழுத்துக்கிட்டு நடக்கும். அதுக்கும் ஆஸ்திரேலியாவுல ஒரு ஊர்ப் பேரையே வெச்சிருக்கறாங்களாம், பேர்ட்ஸ்வில் நோவுன்னு. புல்லு நெறைய இருக்கறப்பப் பயமில்லை, கலந்து தின்னுட்டுப் போயிரும். மாசி பங்குனியில புல்லெல்லாம் காஞ்சு சருகாப் போனப்ப, ஆணிவேர் ஆழமாப் போன அந்தச் செடி மட்டும் பச்சையா நிக்கும். குதிரை பச்சையைத் தேடித் தேடித் தின்னும். அதனால மாசி பொறந்தா சிட்டுக்கு மேய்ச்சல் கணக்கு வேற. செப்பு நெருஞ்சி கம்மியா இருக்கற மேக்கு ஓரத்துல மட்டும் விட்டு, சோளத்தட்டை நறுக்கிப் போட்டுர்றது. ஒடம்பு எடை 100 கிலோவுக்கு ஒண்ணரையில இருந்து ரெண்டு கிலோ காஞ்ச தீனிங்கறது கணக்கு. சிட்டுக்கு நாலு கிலோ வந்தாப் போதும். மட்டக் குதிரை தீனியைப் பாத்தாலே சதை போடற ஜாதி. கூடப் போட்டாலும் தப்பு, தானியம் அதிகமாப் போயிட்டா குளம்புக்குள்ள சூடு ஏறி நிக்க முடியாமப் போயிரும்.

கோடையில இன்னொரு சோதனையும் உண்டு. குதிரைக்கு மேலயும் கீழயும் முன்பல்லு இருக்குது. மாட்டுக்கு மேல் பல்லு கிடையாது, நாக்கால சுத்தி இழுத்துத்தான் தின்னும். குதிரை கத்தரிச்ச மாதிரி வேரோட ஒட்டக் கடிச்சிரும். புல்லு கொறஞ்சா மண்ணும் சேந்து உள்ள போகும். அந்த மண்ணு குடல்ல தங்குனா வயித்து வலி. ஒரு கைப்புடி லத்தியை பிளாஸ்டிக் பையில போட்டுத் தண்ணி ஊத்திக் கலக்கித் தொங்க விடுங்க. பத்து நிமிசத்துல அடியில மண்ணு தங்குதான்னு தெரிஞ்சு போகும். வாரம் ஒருக்கா நான் பாக்கறேன். காப்பித் தண்ணி குடிக்கறப்ப அதைப் பக்கத்துல தொங்க விட்டிருக்கறேன்னு வீட்டுல ஏச்சு வாங்கறது தனிக் கதை.

இதே காரணத்துக்காகத்தான் ஒரே எடத்துல குதிரையை விடறதில்லை. கொழுக்கட்டைப் புல்லுத் தூரை ஒட்ட ஒட்டக் கடிச்சா ரெண்டு வருசத்துல தூரே செத்துப் போகும். மூணு வாரம் அண்ணன் காட்டுல, மூணு வாரம் எங்காட்டுல. குதிரை போன பின்னால அங்க மாட்டை விடுவேன். குதிரை தான் லத்தி போட்ட எடத்துல மேயாது, அங்க புல்லு கொத்துக் கொத்தா நிக்கும். மாடு அதைச் சுத்தமாத் தின்னுடும். குதிரையோட குடல் புழு பெரும்பாலும் மாட்டுக்குத் தாவாது, ஆட்டுப் புழுவும் பெரும்பாலும் குதிரைக்குத் தாவாது. மாத்தி மாத்தி விட்டா புழுவும் கொறையுது. எட்டு ஏக்கர் இருக்கறதாலதான் இந்த மாத்து முறை நடக்குது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால வருது.

நாய் விசயத்துக்கு வர்றேன். ரெண்டு மூணு வருசமா எங்க பக்கம் பட்டியில தெருநாய் பூந்து ஆடுகளைக் கடிச்சுக் குதறிட்டுப் போறது உங்க எல்லாருக்கும் தெரியும். செத்த ஆட்டை ரோட்டுல போட்டு விவசாயிக போராடுனாங்க, அரசாங்கம் நட்டஈடு அறிவிச்சுது. என் பட்டியிலயே மூணு போச்சு. அதனால பட்டிக்கு வலை கட்டியாச்சு. குதிரைக்கு? வேலிதான். கிளுவை வேலி நல்ல கட்டா இருந்தா நாய் பூர்றது செரமம். சந்து விழுந்த எடத்துலயெல்லாம் முள்ளை வெட்டி அடைச்சு வெச்சிருக்கறேன். கம்பி வேலி போடுங்கன்னு சிலபேர் சொல்றாங்க. குதிரை வெச்சிருக்கறவங்க முள்ளுக்கம்பி பக்கமே போகாதீங்க. மாடு கம்பியில மாட்டுனா நின்னு யோசிக்கும். குதிரை மெரண்டா உதைச்சுக்கிட்டு ஓடப் பாக்கும், தோலும் நரம்பும் கிழிஞ்சு தொங்கும். கிளுவை வளையும், கொடுக்கும். கீறல் விழும், அவ்வளவுதான்.

அப்புறம் மயிலை மாடு. பெரியவ, எட்டு ஈத்துப் பாத்தவ, ஊருக்குள்ள நாயைப் பாத்தாலே கொம்பைத் தாழ்த்தறவ. சிட்டு வந்த ஒரு வாரத்துலயே அவகூட ஒட்டிக்கிச்சு. ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தா மயிலை படுத்திருப்பா, சிட்டு பக்கத்துல நின்னுக்கிட்டே தூங்கும். தனியா இருக்கற குதிரை நிம்மதியாத் தூங்காது. பந்தயத்துக்கு வண்டியில ஏத்திட்டுப் போறப்ப மயிலை வேலி ஓரமா வந்து நின்னு கத்தறதைப் பாத்துட்டு எங்க வீட்டுக்காரி கண்ணைத் தொடைச்சுக்குவா.

பாம்பு இருக்குதுங்க, இல்லேன்னு சொல்லல. கண்ணாடி விரியன், சுருட்டை ரெண்டும் உண்டு. லாயத்துக்குள்ள எலியைத் தேடியும்தான் பாம்பு வருது. மழைக்குப் பின்னால ஈத்தொல்லைதான் எனக்குப் பாம்பை விடக் கவலை. அந்தக் கடி ஈ சர்ரா நோவைக் கொண்டு வரும், விட்டு விட்டுக் காய்ச்சல் அடிச்சு ஒடம்பு உருகிப் போகும். ஐப்பசி கார்த்திகையில பொழுதோட வேப்பந்தழை மூட்டம் போடறோம். தீனி எடுக்கலேன்னா அன்னைக்கே ரத்தம் எடுத்துப் பாத்தர்றது.

பந்தயத்துக்குத் தயார் பண்றது பத்தி அவனே ஒரு நாள் எழுதட்டும். விடியால நாலரைக்கு வந்து வண்டியில பூட்டி, மொத ரெண்டு கிலோமீட்டர் நடை, அப்புறந்தான் ஓட்டம். திரும்பி வந்ததும் தண்ணி ஊத்தி, கையால வழிச்சு விட்டு, மூச்சு அடங்கற வரைக்கும் நடக்க வெச்சு, உப்புத் தண்ணி காட்டிக் காட்டுக்குள்ள அவுத்து விட்டுருவான். அவுத்த உடனே செம்மண்ணுல உருண்டு எந்திரிச்சு ஒரு உதறு உதறும். தேச்சு மினுமினுன்னு வெச்சிருக்கற பந்தயக்காரங்க அதைப் பாத்தா நெஞ்சு வெடிச்சுப் போகும். போன தைக்கு ஒரு கோயில் பந்தயத்துல 45 அங்குலத்துல மூணாவது வந்துச்சு. கப்பும் கொஞ்சம் பணமும். எனக்குக் கப்பை விடப் பெருசாப் பட்டது, மறுநாள் விடியால நாலு காலையும் தடவிப் பாத்தேன், எங்கயும் சூடு இல்லை.

இப்ப எட்டு ஏக்கர் விசயம். அண்ணன் பங்கு நாலு ஏக்கரைச் சூரிய மின்சாரத்துக்குக் குத்தகைக்குக் கேட்டு ஒரு கம்பெனிக்காரங்க நடையா நடக்கறாங்க. 25 வருசத்துக்கு. அவங்க சொல்ற தொகை, ஆடு மாட்டுல எவ்வளவு முக்குனாலும் வராது. அண்ணனுக்குப் பொண்ணு கல்யாணக் கடன் நிக்குது, போர் போட்ட கடன் வேற. “குதிரை மேயறதுக்காக நெலத்தைச் சும்மா போட முடியுமாடா?”ன்னு என்கிட்ட கேட்டாரு. நான் என்னங்க சொல்றது? ஞாயந்தான. எனக்குக் கடன் இல்லை, அதனால எனக்குப் பேசறது சுலபம்.

பையன்தான் அவங்கப்பாகிட்ட ஒரு வாரமாப் பேசாம இருந்தான். அப்புறம் ஒரு நாள் ராத்திரி இங்க சாப்புட வந்தப்ப, “சித்தப்பா, மொதல் வேலையா வேலியைத்தான் புடுங்குவாங்களாங்க?”ன்னான். ஆமான்னு சொன்னேன். பொக்லைன் வெச்சு ஒரு நாள் வேலை. எங்க அப்பாரு கிளுவைக் கொச்சியைத் தலையில சொமந்து கொண்டாந்து நட்ட வேலி அது. வெள்வேல மரம் நெழல் விழும்னு அதையும் வெட்டிருவாங்க. அவன் ஒண்ணும் பேசல. நோட்டை எடுத்து நாலு ஏக்கர்ல ஒரு குதிரை, ரெண்டு மாடு, ஒரு கெடாரி, 12 ஆடு எப்படி மாத்தி விடறதுன்னு கணக்குப் போட்டான். எத்தனை தடவை போட்டாலும் கோடையில ரெண்டு மாசம் இடிக்குது. ஒண்ணு ஆட்டை விக்கோணும், இல்லைன்னா சிட்டுக்கு வருசத்துல ரெண்டு மாசம் தட்டு வெலைக்கு வாங்கிப் போடோணும். தட்டு விக்கற வெலை உங்களுக்குத் தெரியாததா.

அண்ணன் இன்னும் கையெழுத்துப் போடல. தை கழியட்டும்னு சொல்லியிருக்கறாரு. குதிரையை அவரும் பாக்க வர்றாரு, அதையும் சொல்லோணும். கடவுப் பக்கம் நின்னு கை நெறையக் கொள்ளு குடுத்துட்டுப் போறாரு, நான் பாக்கலேன்னு நெனச்சுக்கிட்டு.

நானும் பையனும் புரட்டாசியில எம்பங்கு நாலு ஏக்கரை ரெண்டாப் பிரிச்சு நடுவுல கிளுவைக் கொச்சி ஊனியிருக்கறோம், ரெண்டடிக்கு ஒண்ணு. அந்த ஐப்பசி மழையில முக்காவாசி துளுத்துருச்சு. கெழக்கு ஓரத்துல சுக்கான் கூட இருக்கற எடத்துல மட்டும் எழுபது எம்பது கொச்சி காஞ்சு போச்சு. அதை அடுத்த மழைக்கு மறுபடி ஊனோணும். குதிரைமசால் நாலாவது அறுப்புக்கு நிக்குது. செவ்வாக்கெழமை டாக்டரம்மா லத்திப் பரிசோதனைக்கு வர்றேன்னிருக்கறாங்க.